ஓரகத்தி தெரியாத ஜன்னல்

பெரியவள் தன் புது வீட்டின் கிழக்குச் சுவரில் முதல் ஜன்னலை வைத்ததும், நான்கு தெரு தள்ளியிருந்த ஓரகத்தியின் வீட்டுக் கூடம் அதில் தெரிந்தது. நிலை கோணலாக உட்கார்ந்துவிட்டதோ என்று தச்சர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அப்போதும் அதே கூடம், ஒரு புது சோபா, அதில் கால்மேல் கால் போட்டபடி சின்னவள். மேற்கே மரத்தில் இரட்டைக் கதவு ஜன்னல் வைத்தார்கள். சின்னவளின் சமையலறை வந்தது. தெற்கே ஸ்லைடிங் வைத்தார்கள். அவளுடைய பீரோ வந்தது, அதுவும் கண்ணாடி பதித்தது. பாத்ரூம் வெண்டிலேட்டரில்கூட அவள் கொடியில் காயப்போட்ட பட்டுப்புடவையின் ஓரம் ஆடியது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை. அந்த வீடு தெரியாத ஒரே ஒரு ஜன்னல் போதும் என்றாள்.

"திரையைப் போட்டு மூடிடேன்" என்றார் கணவர்.

"மூடிட்டா அவ என்ன வாங்கினான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இப்படியே வருடங்கள் போயின. ஜன்னலை மாற்றி மாற்றி வைத்த கூலியிலேயே தச்சர் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டார். அந்தக் கல்யாணப் பந்தியில் சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எங்க வீட்லயும் எந்த ஜன்னலைத் திறந்தாலும் நீங்கதான் தெரியறீங்க. மாமா உங்களுக்கு டீ போட்டுக் கையில கொடுக்கறதைப் பார்த்துப் பார்த்தே நான் இளைச்சுப்போயிட்டேன். எங்க வீட்ல ஒரு மனுஷன் இருக்காரே."

அன்று பெரியவள் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு, கம்பியும் வேண்டாம் கதவும் வேண்டாம், சுவர் முழுக்கக் கண்ணாடி வை என்றாள். அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தாகமே இல்லாதபோதும் கணவரை டீ போடச் சொன்னாள்.

பிறகு சின்னவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். கண்ணாடியில் தெரு வந்தது, ஒரு மரம், அதில் சாய்த்துவைத்த யாருடைய சைக்கிளோ.

"கேட்டது கிடைச்சிருச்சே" என்று கணவர் டீயை நீட்டினார். மரத்துக்கு முன்னால் டீ குடித்து என்ன ஆகப்போகிறது? பெரியவள் அதை ஆறவிட்டுப் போனை எடுத்தாள்.

"எப்ப வர்றே?"

"ஏன்க்கா?"

"வெறும் மரந்தான் தெரியுது. வரும்போது புதுசா ஏதாவது வாங்கிட்டு வா."

சின்னவள் காதில் புதுத் தோட்டோடு வந்தாள். பெரியவள் அதைக் கண்ணாடி வழியே நன்றாகப் பார்த்தாள், வயிறெரிந்தாள், இன்னொரு டீ கேட்டாள்.