பன்னிரண்டாவது நத்தை

எங்கள் பிரிவின் வேலை, பூண்டோடு அழிந்துபோன உயிரினங்களுக்கு இறப்புச் சான்றிதழ் எழுதுவது. நான் சேர்ந்த புதிதில் வருடத்துக்கு இரண்டு கோப்பு மூடினால் பெரிய விஷயம். இப்போது வாரத்துக்கு மூன்று வருகிறது. அழிகிற வேகம்தான் கூடியதே தவிர, எழுத்தர் அன்றும் இன்றும் நான் ஒருத்திதான்.

ஐம்பது வருடம் யார் கண்ணிலும் படாவிட்டால் கதை முடிந்தது. படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம் உண்டு: காடழிப்பு, வேட்டை, நச்சு, வெளியிலிருந்து வந்த உயிர்கள். ஒன்றில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

வெள்ளிக்கிழமையோடு பச்சை வரி நத்தைக்கு ஐம்பது முடிகிறது. அது வாழ்ந்த ஒரே இடம் எங்கள் அலுவலகத்தின் பின்பக்கப் புதர். சான்றிதழில் கையெழுத்தானதும் அங்கே கார் கொட்டகை கட்ட இயக்குநர் உத்தரவு வாங்கி வைத்திருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபார்மலின், செத்த உயிர்களை அழுகாமல் ஊறப்போடும் மருந்து. கழிப்பறைக்குப் போனாலும் கையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும்.

வியாழக்கிழமை கோப்பைப் புரட்டினேன். கடைசியாகக் கண்டது பதினொரு நத்தைகள். கீழே அதே தேதியில், 'பதினொன்றும் நம் அலுவலகத்தால் சேகரிக்கப்பட்டன.' மாடிக்குப் போய் அலமாரியைத் திறந்து எண்ணினேன். குப்பிக்குள் பதினொன்றும் பத்திரமாக மிதந்தன. இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து பக்கத்தில் 'நாங்கள்' என்று எழுதினேன்.

கோபம் அடங்காமல் புதருக்குள் போய்க் கல்லைக் காலால் எத்தினேன். அடியில், பச்சை வரியோடு ஒன்று, கொம்பை நீட்டி என்னைப் பார்த்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஓடிப்போய்ச் சொன்னதும் இயக்குநர் குப்பியை எடுத்தார்.

"அது எதுக்கு சார்?"

"ஏழாவது விதிம்மா. குப்பியில போட்டு நம்பர் ஒட்டினாத்தான் பார்த்ததா கணக்கு."

"உயிரோட இருக்குன்னு காட்ட அதைக் கொல்லணுமா?"

"விதி அப்படி. நான் என்ன பண்றது?"

"கொன்னுட்டா அழிஞ்சிடுமே சார்."

"அதுக்கு வேற படிவம் இருக்கும்மா."

விதிப் புத்தகத்தை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தேன். குப்பி இருந்தது, எண் இருந்தது, கையெழுத்து இருந்தது. உள்ளே மருந்து ஊற்றச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. இவர்களாகவே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

என் ஜாம் பாட்டிலைக் கழுவி, பாசியும் இலையும் போட்டு, நத்தையை உள்ளே விட்டு, பன்னிரண்டு என்று எண் ஒட்டி நீட்டினேன்.

"மூடியில ஓட்டை இருக்கேம்மா."

"கூடாதுன்னு விதியில இல்ல சார்."

அவர் என்னையும் நத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கொட்டகைக்கு இனி ஐம்பது வருடம் பொறுக்க வேண்டும். மாதிரியை எங்கே வைப்பது என்றும் விதியில் இல்லாததால், பாட்டிலைப் புதருக்குள் கொண்டுபோய் மூடியைத் திறந்து வைத்தேன்.

மறுநாள் காலை வந்தபோது புதருக்குள் இயக்குநர் முட்டி போட்டுக் கல் புரட்டிக்கொண்டிருந்தார். கால்சட்டையெல்லாம் சேறு.

"ஒத்தையா இருக்காதும்மா. இன்னொண்ணு இருந்தே ஆகணும்," என்றார்.

அவர் கையில் குப்பி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. நானும் பக்கத்தில் முட்டி போட்டேன்.