நின்றபடியே ஓடிய வண்டி

கொர்ராடோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ ஊர் ஈய உருக்காலையில் சேர்ந்த கையோடு மகன் ரென்சோ அந்த நீல நிற அறுநூற்றைம்பது சிசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, "இது ஷெட்டுக்குள்ள வந்தா நான் வெளியே போயிடுவேன்" என்று மிரட்டினார். வண்டி உள்ளே வந்தது. அவர் எங்கும் போகவில்லை.

விலை மலிவான வண்டிதான். ஓட்டம் அப்படியில்லை. இரண்டு மடங்கு காசு கொட்டியவர்களும் மலைப்பாதையில் அதன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் வரவேண்டும். கூட்டாளிகள் இரண்டு வருடத்துக்கொரு வண்டி மாற்ற, ரென்சோ ஒன்பது வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதான். ஆயில், சங்கிலி, பிரேக் எல்லாம் அவன் கைதான். வேறொருவரைத் தொடவிட மாட்டான்.

பிறகு பப் வாசலில் ஒரு வாய்த்தகராறு, ஒரே ஒரு குத்து. விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ரென்சோ சிறைக்குப் போனான்.

சனிக்கிழமை காலையில் அங்கிருந்து போன் வரும். பத்து நிமிடம். என்ன பேசுவது? வானிலை, முரல் மீன் விலை, அதற்குமேல் இருவருக்கும் நா எழாது. ஒருநாள் அந்த மௌனம் பொறுக்காமல் கொர்ராடோ ஷெட்டுக்குப் போய் வண்டியைக் கிளப்பி, போனைப் புகைக்குழாய் பக்கம் நீட்டினார். திரும்பக் காதில் வைத்தபோது மகன் தேம்பிக்கொண்டிருந்தான்.

"நிறுத்திடாதீங்கப்பா. இன்னும் கொஞ்சம்."

அதற்குப்பின் ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவில்லை. புதுப் பெட்ரோல் ஊற்றினார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார், டாங்கைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கும்படி வைத்தார். ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பார். ஆயில் மட்டும் மாற்றவில்லை. ஒரு கிலோமீட்டர்கூட நகராத வண்டிக்கு ஆயில் எதற்கு என்பது அவர் கணக்கு. வேறெதற்காக இல்லாவிட்டாலும் இந்த வண்டிக்காகவாவது பையன் முழுசாக வெளியே வருவான். அந்த ஒரு நினைப்பை வைத்துத்தான் நாலு வருடம் ராத்திரி கண்ணை மூடினார்.

விடுதலைக்கு முந்தின வாரம், வண்டியைத் தயார்செய்ய மெக்கானிக் நோலீனைக் கூப்பிட்டார். அவள் குனிந்து, இன்ஜின் அடியில் ஆயில் தெரிகிற சின்னக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்தாள்.

"என்ன கொர்ராடோ, உள்ள காபிக்கடை வெச்சிருக்கியா? பால் கலந்த மாதிரி இருக்கு."

"என்ன அர்த்தம் அதுக்கு?"

"நின்ன இடத்துலயே அஞ்சு நிமிஷம் ஓட்டுனா இன்ஜின் சூடே ஏறாது. உள்ள வேர்க்கிற தண்ணி அங்கயேதான் கிடக்கும். ஆயிலோட சேர்ந்து எல்லாத்தையும் அரிச்சிருக்கு." கிளப்பிப் பார்த்து உடனே அணைத்தாள். தகரடப்பாவில் ஆணியைக் குலுக்குகிற சத்தம். "சும்மா போட்டிருந்தாகூடப் பொழைச்சிருக்கும்ப்பா. பாசத்தைக் காட்டியே கொன்னுட்ட."

அந்த வாரம் கொர்ராடோவுக்குச் சோறு இறங்கவில்லை. பையன் முகத்தில் எப்படி விழிப்பது?

ரென்சோ வந்தான். பாதியாக இளைத்திருந்தான். ஷெட் பக்கம் தலைகூடத் திருப்பாமல் சமையலறையில் போய் உட்கார்ந்தான். கொர்ராடோ தட்டை வைத்துவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். "எனக்குத் தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது. நான்தான் கெடுத்துட்டேன்."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"அப்படி ஓட்டினா போயிடும்னு மொதல் நாளே தெரியும். ரெண்டாவது வருஷமே டக்டக்னு ஒரு சத்தம் வந்துச்சு. போன்லயே கேட்டுச்சு."

கொர்ராடோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா? ஆயிலை மாத்துங்க, ஒரு சுத்து சுத்திட்டு வாங்கன்னு சொன்னா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? நீ வந்து ஓட்ட வேண்டிய வண்டிடா!"

ரென்சோ முள்கரண்டியால் மீனைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"வந்து ஓட்டுவேன்னு ஒருநாளும் நினைக்கலப்பா."

"அப்போ?"

"வெளியே வர்ற வரைக்கும் இருப்பேன்னே நினைக்கல. சனிக்கிழமை அந்தச் சத்தம் வரும். சரி, அடுத்த சனி வரைக்கும் பார்ப்போம்னு இருந்தேன். அவ்வளவுதான்."

கொர்ராடோ நாற்காலியை இழுத்து அவனெதிரே உட்கார்ந்தார். "இப்பதான் வெளியே வந்துட்டியேடா."

"ஆமா. வந்துட்டேன்." தட்டைத் தள்ளிவைத்தான். "களைப்பா இருக்கு. போய்ப் படுக்கறேன்."

கட்டிப்பிடித்து அழலாமா, கெஞ்சலாமா, கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று கொர்ராடோவுக்குத் தெரியவில்லை. எழுந்து இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ரென்சோவுக்கு முன்னால் அவன் அறைக்குப் போய், உள்ளேயிருந்து பூட்ட முடியாதபடி கதவின் தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தார். திருகுகள் துருப்பிடித்திருந்தன. ரென்சோ கட்டிலில் உட்கார்ந்து, கடைசித் திருகு கழன்று விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை.