உதட்டில் படித்த இங்கிலீஷ்

இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பிய சூசைராஜை டைபாய்டு படுக்கையில் தள்ளியது. பிழைத்து எழுந்தபோது காது இரண்டும் போயிருந்தன. பரீட்சையில் தேறியதைக்கூடத் தங்கை இன்னாசியம்மாள் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் தெரிந்துகொண்டான்.

வீட்டோடு கிடந்த அந்த வருஷத்தில் அவனுக்கு ஒன்று புரிந்தது. தமிழ் அவனை விட்டுப் போய்விட்டது. ஆத்தாளின் ஏச்சு, சந்தைக் கூச்சல், பூசைப் பாட்டு எதுவும் இல்லை. இங்கிலீஷ் மட்டும் இருந்தபடியே இருந்தது. அது என்றைக்குமே அவனிடம் அச்செழுத்தில்தான் பேசியிருந்தது. இனி அதைத்தான் படிப்பது என்று பி.ஏ.வுக்குத் திருச்சிக் கல்லூரி ஒன்றில் விண்ணப்பம் போட்டான். காதைப் பற்றி எழுதவில்லை. இன்டர்வியூவுக்கு வரச் சொன்னார்கள்.

“காது கேக்காதவனுக்குக் காலேஜு எதுக்கு? ஏரைப் புடிக்கச் சொல்லு. மாடு ஒண்ணும் இங்கிலீசுல கேள்வி கேக்காது,” என்றார் அப்பா செபமாலை ஆத்தாளிடம், மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

இன்னாசியம்மாள் மூன்றாம் பாரம் வரை கான்வென்டில் படித்தவள். கல்லூரியில் என்னென்ன கேட்பார்கள் என்று அண்ணன் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த கேள்விகளை மனப்பாடம் செய்து, கிணற்றடியில் அவன் எதிரே உட்கார்ந்து சொல்லுவாள். அவன் உதட்டைப் பார்த்தே கேள்வியைப் பிடிக்க வேண்டும். ‘மே’, ‘பே’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டிப் பிரிந்தது. முதலில் எல்லாம் தப்பாகப் போயிற்று. ஒரு நாள் ஆத்திரத்தில் சிலேட்டை வீசி உடைத்தான். அவள் அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

“இங்கிட்டு பாருண்ணே. இன்னொரு தரம் சொல்றேன்.”

கோடை முடிவதற்குள் அவள் எப்படி மாற்றிக் கேட்டாலும் பதில் சொன்னான்.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம்; கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸில் செபமாலைதான் கூட வந்தார். மகனை அறைக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

உள்ளே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்கிற இடத்தில் வெள்ளைக்காரச் சாமியார். நரைத்த மீசையும் தாடியும் சேர்ந்து அவர் வாயை முழுக்க மூடியிருந்தன. தாடி அசைந்தது. சூசைராஜ் அதையே பார்த்தான். மறுபடி அசைந்தது. முதல் கேள்வியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, இங்கிலீஷ் படிக்க ஏன் விரும்புகிறேன் என்பதை நின்றபடியே சொல்லத் தொடங்கினான். நல்ல பதில்தான். பாதியிலேயே சாமியார் நாற்காலியைக் கையால் காட்டினார். உட்காரத்தான் சொல்லியிருக்கிறார்.

பக்கத்திலிருந்த தமிழ்நாட்டுப் பேராசிரியர் மழித்த முகத்தை அவனருகே கொண்டுவந்தார். அவர் உதடு தெளிவாகத் தெரிந்தது.

“தம்பி, ஒனக்குக் காது கேக்குமா?”

“கேக்காதுங்க.”

சாமியார் ஒரு தாளில் எழுதி அவன் பக்கம் நகர்த்தினார். வகுப்பில் நடப்பதை எப்படிப் புரிந்துகொள்வாய் என்று கேட்டிருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. உதட்டைப் பார்த்து என்று எழுதப் போனவன் நிமிர்ந்து அந்தத் தாடியைப் பார்த்தான். பேனாவை வைத்துவிட்டான். சாமியார் எழுந்து வந்து அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். இடமில்லை என்பதற்குத்தான் அது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாசலில் அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் மகனின் கையைப் பிடித்திருந்தார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

சாயங்காலம் படலைத் திறந்துகொண்டு இன்னாசியம்மாள் ஓடிவந்தாள்.

“என்னண்ணே கேட்டாக? நான் சொன்னதெல்லாம் கேட்டாகளா?”

ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குப் புரிந்தது. புரியாதவன்போல் அவளைத் தாண்டிப் போனான். அவள் சுற்றி முன்னால் வந்து நின்று மறுபடி உதட்டைத் திறந்தாள். சூசைராஜ் கண்களை மூடிக்கொண்டான்.