தையல்நாயகிக்குத் தெரியாத கடலைக் குழம்பு

1

எனக்குக் கடலைக் குழம்பு வைக்கத் தெரியாது. இந்தக் கதையை எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. தெரிந்திருந்தால் இந்நேரம் குழம்பு அடுப்பில் இருக்கும். நீங்களும் இதைவிட நல்லதாக ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

என் மனைவி அம்சவேணி வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வருடக்கணக்காகக் கத்திப் பாடம் நடத்தியதில் குரல்நாணில் முடிச்சு விழுந்து, போன வாரம் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். காயம் ஆறும்வரை ஒரு சொல் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கிசுகிசுக்கக் கூடாது, முனகக் கூடாது, ‘ம்’ கூடக் கொட்டக் கூடாது. மீறினால் குரலில் கரகரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாம் என்று பயமுறுத்தி அனுப்பினார். சாப்பாட்டுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அவள் சாப்பிடவில்லை. கஞ்சியில் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுவாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. உனக்கு என்னதான் வேண்டும் என்று இன்று காலை கேட்டேன். மடியில் இருந்த சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாள்.

“கடலைக் குழம்பு.”

எப்படி வைப்பது என்று கேட்டேன். அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

“இருபது வருஷமா துன்றீங்க இல்ல? வைங்க.”

மார்க்கரை மூடிவிட்டாள்.

(ஃபோனில் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் எது எங்கள் வீட்டுக் குழம்பு என்று கண்டுபிடிக்க, எங்கள் வீட்டுக் குழம்பு எப்படி இருக்கும் என்பது தெரிய வேண்டும். சாப்பிடும்போது என் இடது கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும்.)

2

தெரியாததைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் உண்டு. அது தெரிந்த ஓர் ஆளைக் கற்பனை செய்து, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது. அப்படித்தான் தையல்நாயகியை உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: பாலாற்றில் தண்ணீர் வந்த வருடத்தில் தையல்நாயகி—

[வேண்டாம். குழம்புக்குப் பாலாறு எதற்கு?]

இரண்டாம் தொடக்கம்: கடலை என்பது வெறும் கடலை மட்டும்—

[கடலை வெறும் கடலை மட்டும்தான்.]

மூன்றாம் தொடக்கம்: தையல்நாயகி அடுப்பைப் பற்றவைத்தாள்.

இது நிற்கிறது. அவளுக்கு ஐம்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவைப் போலவே ஒரு தெருவில் வீடு கொடுத்தேன். கடலைக் குழம்பில் அவளை அடிக்கக் காஞ்சிபுரத்திலேயே ஆள் கிடையாது என்றும் எழுதினேன். எழுதிவிட்டு, அவள் அடுத்து என்ன செய்கிறாள் என்று பேனாவோடு காத்திருந்தேன்.

அவளும் காத்திருந்தாள்.

நீண்ட மௌனங்கள் எனக்குப் பழக்கம், விருப்பமும்கூட. ஆனால் இது நான் படைத்த பெண்ணின் மௌனம். கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

“இன்னாபா, பாத்துக்கினே இருக்கிற?” என்றாள்.

நீ வைப்பதைப் பார்க்கலாம் என்றுதான், என்றேன்.

“உனக்கே தெரியாதது எனக்கு எப்டிபா தெரியும்? நீ எழுதினாத்தான் என் கையே எழும்புது.”

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் கரை டிசைன் போடுவதுதான் என் பிழைப்பு. என் டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இல்லாத இடத்தில் இழை எழும்பாது. நெசவாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நான் போடாத மயில் அவர் தறியில் வராது.

3

தையல்நாயகி பக்கத்து வீட்டில் கேட்கப் போனாள். பக்கத்து வீட்டையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. அதற்கு அடுத்த வீடு, எதிர் வீடு, கோடி வீடு: ஒருவருக்கும் தெரியவில்லை. கேள்விப்பட்ட பிறகு ஆளுக்கொரு கிண்ணத்தில் பச்சை வேர்க்கடலையை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றார்கள். இப்படி ஒரு தெருவை நான் எழுதியிருக்கக் கூடாது.

தெருமுனையில் கலியாணசுந்தரம் என்பவருடைய மெஸ். ‘வெள்ளிக்கிழமை ஸ்பெஷல்: கடலைக் குழம்பு’ என்று போர்டு தொங்குகிறது. அந்த வரியை எழுதியது நான். வைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டது அவர். கேட்கிறவர்களிடமெல்லாம் இப்போதுதான் தீர்ந்தது என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறார். வைத்தவுடன் தீர்ந்துபோகிற குழம்பு என்று பெயர் பரவிவிட்டது. கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள்கூட முதலில் அவர் மெஸ்ஸுக்கு வந்து, தீர்ந்துவிட்டது என்று அவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் ஜவுளிக்கடைக்குப் போகிறார்கள்.

கலியாணசுந்தரம் தையல்நாயகியைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தணித்தார்.

“எனக்குத் தெரிஞ்ச ரகசியம் ஒண்ணுதாம்மா. உள்ள கடலை இருக்கும்.”

“அது எனக்கும் தெரியும்பா,” என்றாள் அவள்.

தாமலில் அவளுக்கு ஓர் அக்காவைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். தாமலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அங்கே பெரிய ஏரி இருக்கிறது என்பது மட்டும். பஸ் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. தெரு இல்லை, வீடு இல்லை, அக்கா இல்லை. கண்டக்டர் அவளைக் கரையில் இறக்கிவிட்டு விசில் அடித்தார். அங்கிருந்து கூரத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். கூரம் என்றால் எனக்குத் தெரிந்தது அங்கே கிடைத்த பல்லவர் கால நிலதானச் செப்பேடு. அங்கே அவள் பார்த்த ஒரே ஆள் நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொன்னார். வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொன்னார். குழம்பைப் பற்றிக் கேட்டபோது எல்லைகளை முதலிலிருந்து ஆரம்பித்தார்.*

* பல்லவர்கள் வேர்க்கடலையைக் கண்ணால் பார்த்ததில்லை. அது கடல் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் போய்விட்டார்கள். குழம்பு விஷயத்தில் அவர்களும் நானும் சமம்.

தையல்நாயகி வெயிலில் திரும்பி வந்து, செருப்பை உதறிவிட்டு, அடுப்பின் முன் உட்கார்ந்தாள். அவளை நீக்கிவிட்டு வேறு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். ஓய்வு பெற்ற சமையல்காரர் ஒருவர், கோயில் மடைப்பள்ளியில்—

[அவருக்கும் தெரியாது. விடு.]

4

அம்சவேணி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எழுதியவரை எடுத்துப் படித்தாள். மெஸ் வந்த இடத்தில் அவள் தோள்கள் குலுங்கின. எனக்குப் பயமாகிவிட்டது. சிரிப்பும் சத்தம்தான், டாக்டர் அதையும் தடுத்திருக்கிறார். அவள் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, கூடத்துக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பலகை மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து நீண்டது.

“பாவம் அந்தம்மா. அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. கேஸ் போவுது.”

பார்த்தேன். இரண்டாம் பகுதியில் பற்றவைத்த அடுப்பு. தாமலுக்கும் கூரத்துக்கும் போய்வரும்வரை எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

கதைக்குள் போய் அணைத்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அம்சவேணி காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்குக் கதையின் மீதிருந்த அக்கறை அந்த நிமிடத்தில் குறைந்துபோனது என்று சொன்னால் நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது.

5

வீடு அமைதியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கிய அமைதி. இந்த ஒரு வாரமாக அது முழுசாகக் கிடைத்திருந்தும் ஒரு பக்கம்கூட என்னால் படிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அது சீராக ஓடுவதால் காதில் ஏறாது. இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தறிச் சத்தம் மௌனத்தில் சேர்த்தி. புத்தகத்திலிருந்து என்னை இழுத்து வெளியே போடுவது எப்போதும் சமையலறைச் சத்தம்தான். எங்கே, எப்போது வரும் என்று சொல்ல முடியாத சத்தம். அதுவும் கடலைக் குழம்பு வைக்கிற நாளில்—

பேனாவைக் கீழே வைத்தேன். எடுத்தேன்.

அந்தக் குழம்பை நான் பார்த்ததில்லை. ருசித்தேனா என்பதும் சந்தேகம். கேட்டிருக்கிறேன். எரிச்சலோடு கேட்டதால் ஒன்று விடாமல் நினைவில் இருக்கிறது.

பேப்பரைச் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டு எழுதினேன்: சரக், சரக். இரும்புச் சட்டியில் கரண்டி சுரண்டுகிறது. வெகுநேரம் சுரண்டுகிறது.

தையல்நாயகியின் கை எழும்பியது. கடலையைச் சட்டியில் கொட்டி வறுக்க ஆரம்பித்தாள். நானும் என் சட்டியில் கொட்டினேன். படபடவென்று வெடிப்பு. பிறகு முறத்தில் தட்டி வாயால் ஊதும் சத்தம். தோல் பறந்து என் பேப்பர்மீது விழுந்தது. அதே நேரத்தில் இன்னொரு பக்கம் குக்கர் கத்துமே, சோற்றுக்குக் கத்துவதைவிடக் கூடுதலாக? ஆக, கடலையில் பாதி வறுபடுகிறது, பாதி வேகிறது. இருபது வருடத்தில் இது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாசற்படியில் தேங்காய் உடைந்தது. மிக்சி இரண்டு தடவை: முதல் தடவை கல்லைக் கடிப்பதுபோல, இரண்டாம் தடவை தண்ணீருக்குள் முனகுவதுபோல. அப்படியென்றால் முதலில் உலர்வாக, பிறகு தண்ணீர் விட்டு. சப் சப்பென்று புளி கரைந்தது. கடுகு வெடித்து முடிவதற்குள் ‘சொய்ங்’ என்று வெங்காயம் விழுந்தது. பொடி டப்பாவின் மூடி ‘டப்’ என்று ஒரே ஒரு தடவை திறந்தது.

தெரு முழுக்க அவள் கையைப் பார்த்துக் கை அசைந்தது. வீட்டுக்கு வீடு மிக்சி ஓடியது. மெஸ்ஸில் கலியாணசுந்தரம் கண் கலங்கிக்கொண்டு வெங்காயம் அரிந்தார். வெங்காயத்தால் என்று எல்லோரிடமும் சொன்னார்.

(சத்தமில்லாமல் நடப்பவை தப்பிப்போயின. கடலையை முதல் நாளே ஊறப்போட வேண்டுமாம். ஊறுவதற்குச் சத்தம் கிடையாது. அதனால் எங்கள் குக்கர் இன்னும் அதிகமாகக் கத்தியது.)

குழம்பு முதலில் ஓட்டில் மழை பெய்வதுபோலக் கொதித்தது. பிறகு கெட்டிப்பட்டு, தொப்... தொப்... என்று மெதுவாக. இந்த இடத்தில்தான் நான் வழக்கமாக, அப்பாடா என்று பக்கத்தைத் திருப்புவேன்.

6

தையல்நாயகி உப்பு ஜாடியோடு நின்றாள். தெருவில் எல்லோரும் உப்பு ஜாடியோடு நின்றார்கள்.

“எவ்ளோபா?”

உப்பு விழுகிற சத்தத்தை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அது ஓசையில்லாமல் கரைகிற பொருள். அந்த இடத்தில் வேறொரு சத்தம் இருந்தது. கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டு அம்சவேணி கேட்பாள்: “உப்பு பாக்கிறீங்களா?”

நான் ‘ம்’ என்பேன்.

பார்க்கிறேன் என்ற ‘ம்’ அல்ல. சரியாக இருக்கிறது என்ற ‘ம்’மும் அல்ல. ஒரு சத்தம் காதில் விழுந்தது, அவ்வளவுதான் என்ற ‘ம்’. எழுந்து போனதில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றிருப்பாள் போலிருக்கிறது. பிறகு மூடி விழும்.

தையல்நாயகியிடம் இதைச் சொன்னேன். அவள் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப எங்கள ஏன்பா ஏரி ஏரியா அலையவுட்ட? வூட்டுல கேக்க வேண்டியதுதான?”

7

குத்துமதிப்பாக உப்பைப் போட்டுவிட்டு, கரண்டியோடு கூடத்துக்குக் கிளம்பினேன். அதற்கு முன் முடிவுகளை எழுதி வைத்துக்கொண்டேன். எது வந்தாலும் கையில் ஒன்று இருக்கட்டும்.

(அ) உப்பு சரி. அவள் தலையாட்டுகிறாள். தெருவே இலை போட்டு உட்கார்கிறது. கலியாணசுந்தரம் முதன்முதலாக, இருக்கிறது, உட்காருங்கள் என்கிறார். நம்பாமல் வாடிக்கையாளர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். [தெரு சந்தோஷப்பட்டு என்ன, அம்சவேணி சாப்பிட்டாளா?]

(ஆ) உப்பு கரிக்கிறது. அவள் தட்டைத் தள்ளுகிறாள். தையல்நாயகி சட்டியோடு கொண்டுபோய்—

(இ) மிக நன்றாக இருக்கிறது. தன்னை மறந்து, “நல்லா இருக்குது” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். குரல் போய்விடுகிறது. இந்த முடிவை எழுத மாட்டேன். இதை நினைத்த பிறகு, குழம்பு கொஞ்சம் சுமாராக இருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. வாயில் வைக்க முடிய வேண்டும். வாய் திறக்கிற அளவுக்குப் போய்விடக் கூடாது. இப்படி ஒரு அளவை எந்த ஜாடியில் இருந்து எடுப்பது?

போனேன். அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கரண்டிக்கு அடியில் இன்னொரு கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, “உப்பு பாக்கிறியா அம்சா?” என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் கொஞ்சம் கரகரத்தது. எனக்கு அறுவை சிகிச்சை ஏதும் ஆகவில்லை.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். ஊற்றினேன். ஊதி ஆற்றி, நக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. முகத்தில் ஒன்றும் இல்லை. பலகை பக்கத்திலேயே கிடந்தது, எடுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு, கண் மூடியபடியே, உள்ளங்கையை மறுபடி நீட்டினாள்.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். சரியாகப் பிடிபடவில்லை, இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று நீட்டியிருக்கலாம். பசித்து நீட்டியிருக்கலாம். இருபது வருடம் சமையலறையில் கரண்டியோடு நின்றதற்கு, நானும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நீட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாது; எனக்குத் தெரியாதது என் கதையில் யாருக்கும் தெரியாது. நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். உங்கள் தொண்டைக்கும் ஒன்றும் இல்லை. சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக.

கரண்டியில் இன்னும் குழம்பு இருக்கிறது. நான் ஊற்றுகிறேன்.