ஒன்றாம் நம்பர் கொக்கு

பழைய லீவர் எஸ்பிரசோ மெஷின் சேகரிப்போர் சங்கத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். அதில் ஏழு பேருக்குத் தாடையில் தழும்பு உண்டு. கைப்பிடியைக் கீழே இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டு, காபிப் பொடி சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமல் கையை எடுத்தால், கைப்பிடி மேலே பாய்ந்து தாடையைப் பதம் பார்த்துவிடும். தழும்புக்காரர்கள் மற்றவர்களைக் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்ப்பார்கள்.

தலைவருக்குத் தழும்பு கிடையாது. அவர் வீட்டில் நாற்பத்து மூன்று மெஷின்கள் இருந்தன. ஒன்றிலும் அவர் காபி போட்டதில்லை. குடிப்பது மனைவி கலக்கித் தரும் இன்ஸ்டன்ட்.

அந்தக் குறையை ஈடுகட்ட அவரிடம் ஒன்றாம் நம்பர் கொக்கு இருந்தது. நீண்ட கழுத்தும் குனிந்த மூக்குமாக இருந்ததால் அந்த மாடலுக்குக் கொக்கு என்று பெயர். மூடிப்போன ஒரு சிறிய தொழிற்சாலை மொத்தமே இருநூற்று நாற்பது கொக்குகள்தான் செய்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் எண் பொறித்த பித்தளைத் தகடு. முதல் கொக்கு தன்னிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அவர் சங்கத் தலைவரானார். பதினோரு வருடம் உழைத்து, கொக்கு உருவான வரலாற்றை நானூறு பக்கத்தில் எழுதினார். அட்டையில் ஒன்றாம் நம்பரின் படம். படத்துக்காக அதைக் குரோமியம் பூசுபவரிடம் கொடுத்து, தகட்டருகே இருந்த சின்னக் குழியைக்கூடத் தட்டி நிமிர்த்தி, புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தார்.

புத்தக வெளியீடு அன்று மாலை நான்கு மணிக்கு. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருக்கும் ஒரே ஆளான எண்பத்து நான்கு வயது ஃபிட்டரைத் தேடிப் பிடித்து, சிறப்பு விருந்தினர் ஆக்கியிருந்தார். ஃபிட்டர் காலை பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். தலைவர் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒன்றாம் நம்பரின் முன்னால் நிறுத்தினார். பெரியவர் கண் கலங்குவார், அதை எப்படி மேடையில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

ஃபிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தகட்டைப் பார்த்தார். "அட, கடைசி மெஷினா! இதையா வச்சிருக்கீங்க?"

"ஐயா, நம்பர் ஒண்ணுங்க. முதல் மெஷின்."

"ஒண்ணுதான் தம்பி கடைசி. தகடு செஞ்சவன் ஒண்ணுல ஆரம்பிச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கட்டிக் கொடுத்தான். கட்டைப் பிரிச்சா மேல இருக்கறது இருநூத்தி நாப்பது. நான் மேல இருந்துதானே எடுப்பேன்? அடியில இருந்து உருவவா முடியும்?"

தலைவர் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் மெஷினின் அடித்தட்டு ஒன்று இருந்தது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"யாரும் கேக்கலையா?"

"யாரு கேப்பா? காபி வந்தா சரின்னு வாங்கிட்டுப் போனாங்க."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அப்போ இருநூத்தி நாப்பதுதான் முதலா? அது என் தம்பிகிட்ட இல்ல இருக்கு!"

இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு வரை அது தலைவரிடம்தான் இருந்தது. மச்சினன் சலவைக் கடை வைத்திருக்கும் கட்டடத்தில் முன்பு ஒரு காபிக் கடை. கடைக்காரர்கள் காலி செய்தபோது விட்டுப்போன மெஷின்தான் ஒன்றாம் நம்பர். தலைவர் ஆறு மாதம் தவமிருந்து, தன்னுடைய இருநூற்று நாற்பதைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வந்தார். வந்து, "உன் தம்பி தலையில கடைசியைக் கட்டிட்டேன்" என்று இரண்டு நாள் சிரித்தார்.

இப்போது கார் சாவியைத் தேடினார்.

"தம்பி, இன்னொண்ணு சொல்லணும்," என்றார் ஃபிட்டர்.

"வந்து கேக்கறேங்க ஐயா!"

சலவைக் கடையில் மச்சினன் ஒரு கோட்டை நீராவியில் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருநூற்று நாற்பது, தலையில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தது. தலைவர் ஒன்றாம் நம்பரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாப்ளே, இதை நீ வச்சுக்க. அதை எங்கிட்ட கொடு."

"ஏன் மாமா? இதுக்காக அழாத குறையா நின்னீங்களே."

"உனக்கு அநியாயம் பண்ணிட்டேனோன்னு மனசு உறுத்துது."

மச்சினன் நீராவியை நிறுத்தினான். "மாமா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? அக்காவுக்குத் தெரியுமா?"

"கேள்வி கேக்காத. என்ன வேணும் சொல்லு."

மச்சினன் நிதானமாக யோசித்தான். "ஒண்ணே ஒண்ணுதான். இனிமே என் கடைக்கு வந்து, காபி எப்படிப் போடணும்னு பாடம் எடுக்கக் கூடாது. அரைக்கறது சரியில்ல, சூடு சரியில்ல, இழுக்கறது சரியில்ல... ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரி."

"சாகற வரைக்கும்."

"சரிடா!"

அடுத்த மூன்று மணி நேரத்தில் ஒரு பிழைதிருத்தம் தயாரானது. "இந்நூலில் 'முதல்' என்று வரும் இடங்களில் 'கடைசி' என்றும், 'கடைசி' என்று வரும் இடங்களில் 'முதல்' என்றும் வாசிக்கவும்." ஜெராக்ஸ் கடையில் முந்நூறு பிரதி எடுத்து, மனைவி அரங்கத்தின் பின் வரிசையில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். "முதல் மரியாதை என் மனைவிக்குன்னு முன்னுரையில எழுதியிருக்கீங்களே, அதையும் மாத்திப் படிக்கணுமா?" என்று கேட்டாள். தலைவர் அதற்குள் மேடைக்கு ஓடிவிட்டார்.

மேடையில் அவர் பட்டுத் துணியை விலக்கி இருநூற்று நாற்பதைக் காட்டினார். "எண்கள் பொய் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு," என்றார். காலை பதினோரு மணியைத்தான் அப்படிச் சொன்னார். தழும்புக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

பிறகு ஃபிட்டரிடம் மைக் போனது.

"தம்பி சொன்னது சரிதான். மேல இருந்துதான் எடுத்தோம். ஆனா கட்டைப் பிரிக்கும்போதே கை தவறிடுச்சு. தகடெல்லாம் தரையில. வாரி அடுக்கி வச்சேன். எது மேல போச்சு, எது கீழ போச்சுன்னு யாரு கண்டா? அதைத்தான் காலையில சொல்ல வந்தேன்."

"அப்போ முதல் மெஷின் எதுங்க?" என்று தழும்புக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்.

"அதை ஈசியா சொல்லிடலாம். முதல் மெஷின்ல தகடு அடிக்கறப்போ சுத்தியல் வழுக்கி, பக்கத்துல ஒரு குழி விழுந்துது. முதலாளி திட்டினது இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் நான் ஒரு மெஷின்லயும் வழுக்கினதில்ல."

பத்தொன்பது பேரும் இருநூற்று நாற்பதைச் சூழ்ந்துகொண்டார்கள். தகட்டைச் சுற்றி விரலால் தடவினார்கள். வழவழவென்று இருந்தது. தலைவர் மட்டும் தடவவில்லை. அவர் விரலுக்கு வேறொரு குழி நினைவுக்கு வந்துவிட்டது. போன மாதம் தட்டி நிமிர்த்தியது. அதற்காகக் குரோமியம் பூசுபவருக்கு நூலில் தனியாக நன்றியே சொல்லியிருந்தார்.

முன்வரிசையிலிருந்து மச்சினன் குரல் கொடுத்தான். "மாமா, ஒண்ணாம் நம்பர்ல ஒரு குழி இருந்துதே!"

தலைவரின் முகம் மலர்ந்தது. "இருந்துது மாப்ளே! நீயே சொல்லு!"

"அது என் இஸ்திரிப் பெட்டி விழுந்த குழின்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"பெட்டி விழுந்துது, அது நிச்சயம். குழி அதுக்கு முன்னாடியே இருந்துதா, அப்புறம் வந்துதான்னு... நான் எங்கே மாமா அதெல்லாம் பாத்தேன்? காபி வந்துது."

ஃபிட்டர் ஆவலாக எழுந்தார். "குழியைக் காட்டுங்க, என் சுத்தியலா இல்லையான்னு பாத்தவுடனே சொல்லிடறேன்."

காட்டக் குழி இல்லை.

பின் வரிசையில் மனைவி பசை டப்பாவை மூடினாள். இன்னும் நூற்றுப் பத்து புத்தகம் பாக்கி. "ஒட்டவா, கிழிக்கவா?" என்று சைகையில் கேட்டாள். தலைவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று அவளுக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

மறுநாள் காலை அவர் சலவைக் கடைக்குப் போனார். ஒன்றாம் நம்பர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குள் அதன் தலையில் ஈரத் துணி. மச்சினன் பொடியைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டான். அழுத்தவே இல்லை. இழுப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தவும் இல்லை. தலைவரின் உதடு துடித்தது.

"என்ன மாமா?"

"ஒண்ணும் இல்ல."

தகட்டின் பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். இடப் பக்கம் ஏதோ தட்டுப்பட்டது போல இருந்தது. மறுபடி தடவினார், இல்லை. சுடத்தான் செய்தது.

"நான் ஒரு தடவை இழுக்கட்டுமா?" என்று கேட்டார்.

மச்சினன் ஒதுங்கி நின்றான். தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கொக்கின் கைப்பிடியைக் கீழே இழுத்தார். ஸ்பிரிங் இறுகியது. இனி இதை விடலாமா, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? நானூறு பக்கத்தில் எங்கேயோ அவரே எழுதியிருந்தார். எந்தப் பக்கம் என்று யோசித்தபடி குனிந்தார்.

"மாமா, தாடை!" என்று மச்சினன் கத்தினான்.