ஆயில் டேங்குக்குப் பக்கத்தில் தயிர்ப் பச்சடி

கம்ப்யூட்டரில் வரைகிற படத்தைத் தனித்தனி லேயர்களாகப் பிரித்து வைக்கலாம். வேண்டாத லேயரை அணைத்துவிட்டால் அது திரையில் தெரியாது. இந்த வசதியை நம்பித்தான் ஷோபா, மண் அள்ளும் இயந்திரத்தின் படத்துக்குள்ளேயே, தங்கவயல் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸ்காரர்கள் போகவிருந்த பேத்தமங்களா ஏரிக்கரை பிக்னிக்கையும் வரைந்து மறைத்து வைத்திருந்தாள். ஏரி, பிரியாணி அண்டா, ஏரி நடுவே மிதக்கும் டை கட்டிய ஒரு தொந்தி. தொந்தி, மேனேஜர் தாமோதரனுடையது. படத்தில் மட்டும்தான் அவருக்கு அழைப்பு.

பெங்களூரிலிருந்து ஜெனரல் மேனேஜர் வந்த அன்று தாமோதரன், "நானே காட்றேன் சார்" என்று ஷோபாவின் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லா லேயரையும் போட்டுவிட்டார். பின்னால் நின்ற ஷோபா மவுஸுக்குக் கை நீட்டினாள்; அவர் விடவில்லை. பிக்னிக் போகட்டும், வேலை மிஞ்சுமா?

"இந்த வட்டம் என்ன?" என்றார் ஜி.எம்., பிரியாணி அண்டாவைக் காட்டி.

"ஆயில் டேங்க் சார். என்னோட டிசைன்."

"பக்கத்துல தயிர்ப் பச்சடின்னு எழுதியிருக்கே?"

தாமோதரன் இமைக்கவில்லை. "கூலிங்குக்கு சார்."

ஜி.எம். சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. "ஞாயித்துக்கிழமைன்னும் போட்டிருக்கு. நானும் வரலாமாம்மா?"

ஷோபா வாயைத் திறப்பதற்குள், "நானே கூட்டினு போறேன் சார்!" என்று முந்திக்கொண்டார் தாமோதரன்.

ஜி.எம். டீ குடிக்கப் போனதும் தாமோதரன் குரலைத் தாழ்த்தினார். "இன்னாம்மா, அந்தத் தொந்தி நான்தானே?"

"ஆமா சார்."

"அதை மட்டும் தனி லேயர்ல போட்டு அணைச்சிடும்மா. டை இருக்கட்டும்."