தண்ணீரில் நின்ற ஓநாய்

கூட்டத்துக்கு வந்தவர்கள்: கோவிந்தராஜன், திட்டக்குழுத் தலைவர். விசாலம், காட்டு விலங்கு ஆய்வாளர். ரீனா, வரைபடம் போடுபவள். சூர்யா, அதாவது நான், குறிப்பு எழுதுபவன். வராதவர்கள் இதைவிட அதிகம். அவர்களுக்கு அன்று நாசிக்கில் வேறு கூட்டம், அங்கே மதியச் சாப்பாடும் உண்டு.

மகாராஷ்டிரத்தில் குறைந்துகொண்டே போகிற விலங்குகளையும் அவை வாழும் இடங்களையும் எப்படிக் காப்பது என்று மாநிலம் முழுவதற்கும் திட்டம் எழுதுவது எங்கள் வேலை. விமான் நகரில் ஒரு ஃபிளாட்தான் அலுவலகம். அன்று மிஞ்சிய நான்கு பேரும் தமிழர்களாக இருந்தது தற்செயல். "இங்கத்த ஓநாயைக் காப்பாத்த மதராஸிங்க வரணுமா?" என்று கீழ் வீட்டு மராத்திக் காகா லிஃப்டில் இந்தியில் கேட்பார். யார் காப்பாற்றினால் என்ன? இதே விமான் நகரில் இரவு ஷிஃப்டில் அமெரிக்கர்களின் பில் புகார்களைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் பாதியில் எழுந்து வந்தவன் நான். ஓநாய் புகார் சொல்வதில்லை. அது பெரிய நிம்மதி.

அன்று மாலைக்குள் இறுதி வரைபடம் அரசுக்குப் போயாக வேண்டும். அதில் பச்சை பூசிய இடத்தில் யாரும் கைவைக்க முடியாது. பச்சைக்கு வெளியே இருக்கும் புல்வெளிக்கு அரசுக் கணக்கில் தரிசு என்று பெயர். தரிசைக் கண்டால் கம்பெனிகளுக்கு மரம் நடும் ஆசை வந்துவிடும். புல்வெளியில் ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, வரிசையாகக் கன்று நட்டு, சுற்றி வேலி போட்டு, படம் எடுத்துக்கொள்வார்கள். மான் போய்விடும், முயல் போய்விடும், ஆட்டு மந்தைகள் போய்விடும். அவற்றின் பின்னால் ஓநாயும் போய்விடும். எல்லாரும் நல்ல காரியம் என்று கை தட்டுவார்கள்.

ரீனா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். லோஹேகாவில் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவள் தமிழ் நொண்டி நொண்டித்தான் வரும்.

"விசாலம்க்கா, உங்க ஓநாய் தண்ணில நிக்கிது."

"இன்னாடி சொல்ற?"

"தேகோ, பாருங்க. டேம்ல. நடுவுல."

உண்மைதான். ஓநாய் குட்டி போட்டிருக்கும் வளையைக் காட்டும் சிவப்புப் புள்ளி அணைத் தண்ணீரின் நடுவே இருந்தது. தண்ணீரில் வளை இருக்காது என்பது மென்பொருளுக்குத் தெரியும். அது புள்ளியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. புள்ளி போனதும் அந்தப் புல்வெளி பச்சையிலிருந்து கழன்று தரிசில் சேர்ந்துவிட்டது.

"நம்ம மெஷின் எல்லாப் புள்ளியையும் கொஞ்சம் தள்ளித்தானே வைக்கும்?" என்றார் கோவிந்தராஜன். "யாரும் தேடிண்டு போகக் கூடாதுன்னு. அப்படித் தள்ளினாலும் அதே புல்வெளிக்குள்ளதானே விழணும்?"

விசாலம் நகத்தைக் கடித்தாள். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்தவரின் மகள். ஆளைப் பார்த்தால் அதட்டுகிற ரகம். அன்று அவள் குரலே எழும்பவில்லை.

"நானும் தள்ளிட்டேன் சார். குடுக்கறதுக்கு முன்னாடியே."

"ஏம்மா? அதான் மெஷின் தள்றதே!"

"மெஷின நம்பறேன் சார்."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோத்ரூடில் ஒரு கூட்டத்தில் கோவிந்தராஜன் கழுதைப்புலிக் குட்டிகளின் படம் ஒன்றைக் காட்டினார். சந்தோஷத்தில் காட்டினார், வேறு காரணம் இல்லை. படத்தின் பின்னணியில் காற்றாலைகள் வரிசையாகத் தெரிந்தன. அதை வைத்தே யாரோ இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்துப் பன்னிரண்டு கார்கள், முழங்கை நீள லென்ஸ்கள். தாய் பயந்து குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி ரோட்டைத் தாண்டியது. கடைசிக் குட்டியை ஒரு டெம்போ அடித்துவிட்டது. அதை ரோட்டிலிருந்து எடுத்தவள் விசாலம்.

"சரி," என்றார் கோவிந்தராஜன். "இப்ப சரியான புள்ளியைக் குடு. ரீனா போட்டுடுவா."

"புதுசா புள்ளி போட்டா நீங்க பாத்துக் கையெழுத்துப் போடணும் சார். அதானே ரூல்?"

"ஆமா. கேமரா போட்டோ, இடம், ரெண்டும் பாக்கணும். நானே எழுதின ரூல்."

"அப்ப வேணாம்."

"வேணாம்னா? இன்னிக்கி விட்டா ஜூன்ல குழி வெட்டிடுவாங்க விசாலம்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா சொல்லேன்!"

"சொன்னா ஜூன் வரைக்கும்கூட தாங்காது."

குறிப்பில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அவரை அடித்திருந்தால்கூட எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

"நானே வேணா பாத்து சைன் பண்றேன்," என்றாள் ரீனா.

"உனக்கு அந்த பவர் இல்லடி," என்றாள் விசாலம்.

கோவிந்தராஜன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மார்ச்சில் அவர் பொறுப்பு முடிகிறது. வாழ்நாள் முழுவதும் ஓநாய்க்காகக் கடிதம் எழுதியவர், கூட்டம் போட்டவர், மந்திரிகள் வீட்டு வாசலில் காத்திருந்தவர். ஆனால் ஓநாய்க் குட்டியை நேரில் பார்த்ததில்லை. இதை அவரே டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்காது.

"இந்த வருஷம் எத்தனை போட்டிருக்கு?"

"அஞ்சு சார். ஒண்ணு கறுப்பா இருக்கு. அது மட்டும் எப்பவும் வெளிய வந்துரும், அம்மாக்காரி இழுத்துனு போவா."

"கறுப்பா?"

"நல்ல கறுப்பு."

அவர் முகம் மலர்ந்தது. "நான் ஒரே ஒரு தடவை... ரொம்ப தூரத்துலேந்து. பைனாகுலர்ல. நீயே கூட்டிண்டு போ. கண்ணைக் கட்டிக்கூடக் கூட்டிண்டு போயேன்."

விசாலம் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. "சார்..." என்றாள். கண் கலங்கிவிட்டது. முடியாது என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் திரையிலிருந்த அணைத் தண்ணீரை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடமிருந்து சான்றுத் தாளை வாங்கினார். 'படத்தையும் இடத்தையும் நேரில் பார்த்து உறுதி செய்தேன்' என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. 'நேரில் பார்த்து' என்பதை அடித்துவிட்டு, 'ஆய்வாளரின் சொல்லை நம்பி' என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இது செல்லுமா சார்?" என்று கேட்டேன்.

"யாராவது கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு. ரூலை மீறினது நான்தானே? அவ இல்லையே."

விசாலம் போனை எடுத்தாள். "போட்டோவையாவது பாருங்க சார். குட்டிங்க மட்டும். இப்பவே காட்டறேன்."

அவர் கை தானாக நீண்டது. போன் பக்கத்தில் வந்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. பின்னாடி மலை தெரியும். எனக்குக் கண்ணு அங்கதான் போகும், அப்புறம் வாய் நிக்காது." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீங்க போடுங்கோ. நான் வெளில இருக்கேன்."

"சார், டீ சொல்லட்டுமா?" என்றாள் ரீனா.

"அப்புறம் சொல்லலாம். முதல்ல ஓநாயைக் கரையேத்து."

வாசலில் நின்று ஒரு முறை திரும்பினார். திரையைப் பார்க்கவில்லை, விசாலத்தைத்தான் பார்த்தார். "அந்தக் கறுப்புக் குட்டியை ஜாக்கிரதையா பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

விசாலம் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவர் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.